பிறை வீட்டுச் சுண்ணாம்பு

எங்கள் கலைக் கழகத்தின் இப்போதைய நிர்வாகக் குழுவில் இருக்கும் பிள்ளைகள் போன மாதம் என்னைத் தொலைபேசியில் பிடித்தார்கள். கழகம் இருக்கும் பழைய வீட்டின் வாசலுக்கு மேலே ஒரு பெயர்க்கல் இருக்கிறது. அதைத் துப்புரவாக்கப் போகிறார்களாம். எழுத்துப் பள்ளங்களுக்குள் பழைய சுண்ணாம்பு அடைத்துக்கொண்டிருக்கிறது, கல்லில் சுரண்டிய காயமும் தெரிகிறது. பூசினது யார், சுரண்டினது யார் என்று கேட்டார்கள். பூசியதும் நான்தான், சுரண்டியதும் நான்தான் என்றேன். பிறகு ஒரு பிள்ளை, "அதை விளக்கமா எழுதித் தாறியளோ ஐயா?" என்று மெல்லக் கேட்டது. ஓம் என்றுவிட்டேன். விளக்கமாக எழுதுவதென்றால் முதலில் எனக்கு விளங்கியிருக்க வேண்டும் என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது.

என் தொழில் மண்டபம் பார்ப்பது. கொழும்பில் ஒரு நாடக மண்டபத்தில் கதிரை அடுக்கவும் திரை இழுக்கவும் போய்ச் சேர்ந்து, அங்கேயே எல்லாம் பழகினேன். சனம் வந்தால் எந்த வாசலால் உள்ளே விடுவது, நெருப்புப் பிடித்தால் எந்த வாசலால் வெளியே எடுப்பது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தமிழரைத் தேடி வந்தபோது, எந்த வாசலாலும் போக வழியில்லாமல் மேடைப் பலகைக்குக் கீழே ஒளிந்துகிடந்தேன். பிறகு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். கையில் மண்டபத்துக் கதவுகளின் திறப்புக் கோர்வை இருந்தது. அதை ஏன் கொண்டுவந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அந்த வருட முடிவில் இங்கே கலைக் கழகத்துக்கு மண்டபப் பொறுப்பாளர் தேவை என்றார்கள். போய்ப் பார்த்தால் மண்டபமே இல்லை. முஸ்லிம் சனம் இருந்த சோனகதெருவுக்குக் கிட்ட, ஒல்லாந்தர் காலத்தில் கட்டிய ஒரு பெரிய வீடு. இரண்டு முழத் தடிப்பில் சுவர், உயரமான யன்னல்கள், நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி விறாந்தை. வாசல் நிலைக்கு மேலே ஒரு வெள்ளைக் கல்லில் பிறை ஒன்று புடைப்பாகச் செதுக்கியிருந்தது. அதன் கீழே வீட்டை வாங்கிய பெரியவரின் பெயர் வெட்டியிருந்தது. ஊரில் எல்லோரும் அதைப் பிறை வீடு என்றுதான் சொல்வார்கள். வாங்கியவரின் பேரன், இரும்புக்கடை ஹாஜியார், குடும்பத்தோடு பின்பாதியில் இருந்தார். தமையன் குடும்பம் கொழும்புக்குப் போனபின் வெறுமையாகக் கிடந்த முன்பாதியைக் கழகத்துக்குக் கொடுத்திருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் மேளம் தட்டக்கூடாது.

அந்த ஒரு சொல்லை எங்கள் செயலாளர் பிடித்த பிடியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிபர். எங்களுக்கு அவர் மாஸ்ரர். கொக்குவிலில் ரயில் பாதையோரமாக வீடு. அவருக்குச் சங்கீதமும் தெரியாது, கூத்தும் தெரியாது. பாடுகிறவர்கள் பாடட்டும், பாதையைத் திறந்து விடுவதுதான் தன்னுடைய வேலை என்பார். செய் என்றோ செய்யாதே என்றோ அவர் வாயால் நான் கேட்டதில்லை. லைன் கிளியர் என்பார், அல்லது லைன் கிளியர் இல்லை என்பார். எந்த விஷயத்தையும் தான் முடிவெடுத்த பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்பார். நான் நினைப்பதைச் சொல்லத் தொடங்கும்போது அந்த வேலை பாதி முடிந்திருக்கும்.

முற்றத்தோரக் கூரையின் வளை மரத்தில் ஒரு துண்டுத் தண்டவாளத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். எங்கிருந்து எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. பாங்குக்குச் சற்று முன்னால் பெரிய ஆணியால் ஒரு அடி. சங்கீத வகுப்பு, மிருதங்க வகுப்பு, குருநகரிலிருந்து வந்து கூத்துப் பழகும் கடற்தொழிலாளர், எல்லோரும் வாய் மூட வேண்டும். பாங்கு முடிந்ததும் இரண்டு அடி. எல்லோரும் விட்ட இடத்தில் தொடங்க வேண்டும். முதலில் சிரித்தார்கள். கூத்தில் அரசன் வாளை ஓங்கியபடி அப்படியே நிற்பான், பாங்கு முடிந்ததும் வெட்டுவான். ஹாஜியாரும் தொழுகை முடித்து வந்து, நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு மிச்சக் கூத்தைப் பார்ப்பார். அவருடைய கடைசி மகள் பரீதா உள் யன்னலில் தொங்கிக்கொண்டு சங்கீத வகுப்பைக் கேட்பாள். செல்வராணி ரீச்சர் சுரம் சொல்லிக் கொடுக்கும்போது வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் யன்னலிலிருந்து விடை வரும். ரீச்சர் யன்னலுக்கும் சேர்த்தே பாடம் நடத்தினார்.

சண்டைக்குள்ளேயும் அப்படி ஏழு வருடம் ஓடியது. நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன். முற்றத்து மூலையில், குண்டு விழும்போது ஒதுங்க, பங்கர் வெட்டினோம். விழாவுக்கு வந்தவர்களை மேடைக்கும் பங்கருக்கும் இடையே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் யார் எங்கே இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

தொண்ணூறில் ரயில் நின்றது. மாஸ்ரர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை, தண்டவாளத்தை மட்டும் இன்னும் அழுத்தி அடித்தார். அதே வருடம் ஐப்பசியில் ஒருநாள் காலை ஊரை அப்போது கையில் வைத்திருந்த இயக்கத்தின் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தெருவால் போனது. முஸ்லிம் சனம் எல்லாம் வெளியே வந்து ஒன்றுகூட வேண்டும் என்றது. கூட்டத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். போன ஹாஜியார் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டுமாம். அவர் அதைச் சொன்ன விதத்தில், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. மாஸ்ரர் திரும்பத் திரும்ப, ஆர் சொன்னது, ஏன் சொன்னது என்று கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் நின்ற தமிழ்ச் சனத்துக்கும் விளங்கவில்லை. சிலர் அழுதார்கள், சிலர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கதிரைகளை அடுக்கினேன். அன்றைக்கு நிகழ்ச்சி ஒன்றும் இல்லை, இருந்தும் அடுக்கினேன்.

போகும்போது ஹாஜியார் நடுக்கதவால் வந்து மாஸ்ரரின் கையைப் பிடித்தார்.

"மாஸ்ரர், நான் ஒண்டும் பூட்டேல்லை. பூட்டினா உடைப்பினம். வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கோ."

பரீதா பள்ளிக்கூடப் பையோடு என்னிடம் வந்து, நாளைக்குச் சங்கீத வகுப்பு இருக்கிறதா என்று கேட்டாள். ஓம் பிள்ளை என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்.

அடுத்த நாட்களில் போனவர்களுடைய வீடுகளில் இயக்கத்துப் பெடியள் அடையாளம் போடத் தொடங்கினார்கள். ஆள் இல்லாத வீடு என்று எழுதுவதும், பிறகு வாகனத்தில் சாமான் ஏற்றுவதும், கதவு யன்னலைக்கூடக் கழற்றுவதும் நடந்தது. எங்கள் தெருவிலும் வரப்போகிறார்கள் என்று கதை அடிபட்டது. வாசலில் கழகத்தின் பலகை இருந்தது உண்மைதான். ஆனால் அது கை அகலப் பலகை. அதற்கு மேலே, தெருமுனையில் நின்றாலே தெரிகிற மாதிரி, பிறையும் பெயரும்.

மாஸ்ரர் குழுவைக் கூட்டினார். அப்படியொரு குழப்பமான கூட்டத்தை நான் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை. வீடு பறிபோனால் ஹாஜியார் திரும்பி வர இடமில்லை என்றார் ஒருவர். கழகத்துக்கும் இடமில்லை என்றார் இன்னொருவர். கல்லைப் பூசி மறைத்து, இது கழகத்தின் கட்டடம் என்று சொல்லிவிடுவோம் என்று பேச்சு வந்தது. செல்வராணி ரீச்சர் எழும்பினார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"ஆளை அவை ஊரைவிட்டுக் கலைச்சினம். நாங்கள் பேரைக் கலைக்கப் போறமோ?"

"பேரை வைச்சிருந்தா சுவர் இல்லாமப் போகும் ரீச்சர். பிறகு எதிலை எழுதுறது?" என்றார் மாஸ்ரர்.

இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் தலையிடி. மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். முடிவு எடுத்தாயிற்று என்று தெரிந்துகொண்டு, சுண்ணாம்புக்குச் சாக்கு எடுக்கப் போனேன்.

அந்த நாட்களில் சீமெந்துக்குத் தடை. பழைய முறைப்படி சுண்ணாம்பை நீற்றி, மணல் கலந்து, பனங்கட்டி கரைத்த தண்ணீர் விட்டுக் குழைத்தேன். பூசிப் பார்த்தால் பிடிக்கவில்லை. கல் அவ்வளவு வழுவழுப்பு. பூச்சுப் பிடிக்க வேண்டுமென்றால் கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். தெரிந்த வேலைதான். ஆனாலும் நீள மர வாங்கில் ஏறி நின்று, உளியைப் பிறையின் மேல் வைத்தபோது கை வரவில்லை. ரீச்சர் கீழே நின்று வாங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் எதிர்த்தவர்தான். பெயரைச் சுற்றியும் பிறையைச் சுற்றியும் மட்டும் மெதுவாகக் கொத்தினேன். பிறையில் ஓரிரண்டு இடத்தில் பட்டிருக்கும். பிறகு பூசினேன். கொஞ்சம் இறுகியதும் அதற்கு மேல் கழகத்தின் பெயரைப் பெரிதாக எழுதினோம். பின்பாதி அறைகளில் பிள்ளைகளின் வாத்தியங்களைக் கொண்டுபோய் வைத்து, புழக்கத்தில் இருக்கிற மாதிரிக் காட்டினோம்.

பூச்சு முழுக்கக் காய்வதற்கு முதல் இயக்கத்தின் இளம் பெடியள் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். இது யாருடைய வீடு என்று கேட்டார்கள்.

"கழகத்தின்ரை" என்றார் மாஸ்ரர்.

அவர்கள் உள்ளே வந்து முற்றத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொழுது சாய்ந்தது. பாங்கு சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் மாஸ்ரர், ஒன்றையும் யோசிக்காமல், தன் பாட்டில் போய்த் தண்டவாளத்தில் ஒரு அடி அடித்துவிட்டார். அடித்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது. ஆணி கையில் இருக்க அப்படியே நின்றார். பிள்ளைகள் பழகிய பழக்கத்தில் பாட்டை நிறுத்தினார்கள். வந்தவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்து, ஏன் நிப்பாட்டினீர்கள் என்று கேட்டான்.

"பிள்ளையள் தண்ணி குடிக்கிற நேரம் தம்பி. தொண்டை காயுமெல்லோ" என்றார் செல்வராணி ரீச்சர். பிள்ளைகளைப் பார்த்து, எழும்பிப் போங்கோ என்று கை காட்டினார். பிள்ளைகள் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார்கள். பெடியள் போய்விட்டார்கள். வீட்டில் அடையாளம் போடவில்லை.

அன்றிலிருந்து அது தண்ணி மணி ஆயிற்று. மாஸ்ரர் அடிப்பார், பிள்ளைகள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள், இரண்டு அடி அடித்ததும் தொடங்குவார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வேறு எதுவும் தெரியாது. இன்றைக்கும் கழகத்தில் தண்ணி மணி அடிக்கிறார்களாம். தொலைபேசியில் கதைத்த பிள்ளையிடம் ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் குடிக்கத்தான் என்றது.

அதன் பிறகு வந்த வருடங்களில்தான் எனக்குக் குழப்பம் கூடியது. பொய் சொல்லும்போது பொய் என்று தெரிந்திருந்தது. சொல்லிக்கொண்டே இருக்க அது எங்கேயோ போய்விட்டது. மின்சாரம் இல்லாமல் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் விழா நடத்தினோம். மண்ணெண்ணெய் அருகியபோது ஜாம் போத்தல் விளக்கில் நடத்தினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேப் ரெக்கோடரைப் பாடவைத்தோம். வந்தவர்கள் எல்லாம், கழகத்துக்கு நல்ல வாய்ப்பாகச் சொந்தக் கட்டடம் இருக்கிறது என்று பாராட்டினார்கள். புதிதாகக் குழுவுக்கு வந்த ஒருவர் விழா மலரில் 'எமது சொந்தக் கட்டடம்' என்று அச்சடிக்கக் கேட்டார். மாஸ்ரர் லைன் கிளியர் இல்லை என்றார். அவர் காரணம் கேட்டார். காரணம் சொல்ல முடியாது என்றார் மாஸ்ரர். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போனார். அவர் மேல் என்ன பிழை? வாசலில் எழுதியிருப்பதைத்தானே அவர் வாசித்தார். நானும் சில நாட்களில் பின்பாதி அறையை 'எங்கடை ஸ்ரோர்' என்று சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் எங்களுக்கும் ஒலிபெருக்கி வந்தது. ஆமி வருகிறது, எல்லோரும் வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் போகச் சொன்னார்கள். மழை. குடாநாடு முழுக்க ஒரே தெருவில் நின்றது. நான் சைக்கிளில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு கழகத்துக்குப் போனேன், மாஸ்ரரைக் கூட்டிக்கொண்டு போக. அவருக்கு அப்போது நெஞ்சு வருத்தம். முற்றத்துப் படியில் இருந்தார். ரீச்சரும் தன் சைக்கிளோடு வந்து சேர்ந்தார்.

"சுரண்டும்" என்றார் மாஸ்ரர்.

எனக்கு விளங்கவில்லை. வாசல் பக்கம் கையைக் காட்டினார். தெருவில் ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது, இவர் சுண்ணாம்பைச் சுரண்டச் சொல்கிறார். எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அவரை எதிர்த்துக் கேட்டேன்.

"ஏன் மாஸ்ரர்? இப்ப ஏன்? அவரின்ரை பேரைத் திருப்பிக் குடுக்கவோ? இல்லாட்டி, வாற ஆமிக்காரன் சோனக வீடு எண்டு பார்த்து உடைக்காமல் விடுவான் எண்டோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்கவும் இல்லை.

"எனக்கே தெரியேல்லை தம்பி. ரெண்டும் வருது மனசிலை. நீர் சுரண்டும்."

பழைய வாங்கைத் தூக்கிப் போட்டு ஏறினேன். ரீச்சர் அதேபோல் வந்து வாங்கைப் பிடித்தார். சுவர் நனைந்திருந்தது. ஆனால் நான் குழைத்த சுண்ணாம்பு அப்படி இறுகிப் பிடித்திருந்தது. என் கைவேலையை நானே திட்டிக்கொண்டு உளியால் நெம்பினேன். தெருவில் போன சிலர் நின்று பார்த்தார்கள். ஒருவர், அண்ணைக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பூச்சு பட்டை பட்டையாக விழுந்தது. பெயர் வந்தது, பிறகு பிறை வந்தது. பிறையின் ஒரு முனை இல்லை. கீழே விழுந்த கட்டிகளுக்குள் தேடினேன். எல்லாம் வெள்ளை, எது கல் எது சுண்ணாம்பு என்று தெரியவில்லை. மாஸ்ரர் போவோம் என்றார். தண்டவாளத்தை ஒருமுறை பார்த்தார், அடிக்கவில்லை. கதவுகளைப் பூட்டாமல் விட்டு வெளிக்கிட்டோம்.

அவரைச் சைக்கிளில் இருத்தி நானும் ரீச்சரும் உருட்டிக்கொண்டு போனோம். சாவகச்சேரியில் நிற்க இடமில்லை. கொடிகாமத்தில் ஒரு மரக்கறி வியாபாரி தன் வெங்காயக் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தார். மாஸ்ரர் அங்கே அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை. படுக்கையில் கிடந்து அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: பெயரைத் திரும்ப வெளியே எடுத்துவிட்டோம் என்று ஹாஜியாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். ஹாஜியார் புத்தளத்தில் அகதி முகாமில் இருப்பதாகக் கேள்வி. கிளாலியால் கடல்நீரேரி கடந்து வன்னிக்குப் போய், அங்கிருந்து புத்தளம் போகப்போவதாகச் சொன்ன ஒரு மனிதரைப் பிடித்து, விபரமாகச் சொல்லிவிட்டேன். அவர் இரண்டுமுறை திருப்பிச் சொல்லிக் காட்டினார். மாஸ்ரரிடம் வந்து, போயிட்டுது மாஸ்ரர் என்றேன். லைன் கிளியர் என்றார். அதற்குப் பிறகு அவர் கதைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தபோது வீடு தப்பியிருந்தது. ஓட்டில் ஒரு பக்கம் செல் குண்டு விழுந்திருந்தது, அவ்வளவுதான். பெயர் காப்பாற்றியதா, தற்செயலா என்று எனக்குத் தெரியாது.

சண்டை எல்லாம் முடிந்து பல வருடம் கழித்து பரீதா வந்தாள். நான் ஓய்வுபெற இருந்த நேரம். தலையில் முக்காடு, கையைப் பிடித்தபடி அவளுடைய மகள். யன்னலில் தொங்கிய பிள்ளையை அந்த முகத்தில் தேடிக்கொண்டு நின்றேன். மாமா என்று கூப்பிட்டதும் கண்ணீர் வந்துவிட்டது. ஹாஜியார் முகாமிலேயே மௌத்தாகிவிட்டார் என்றாள். கழகம் முன்பாதியில் இருக்கலாம், வாப்பா கொடுத்ததை நான் திருப்பி எடுக்க மாட்டேன் என்றும் சொன்னாள். கதைத்துக்கொண்டிருக்கும்போது தண்ணி மணி அடித்தது, பிள்ளைகள் கிணற்றடிக்கு ஓடினார்கள். அவள் கதையை நிறுத்திவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கொஞ்சம் பிந்தி, திரும்பத் திறந்த பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது.

பிறகு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். பிறையில் ஏன் முனை இல்லை என்று கேட்டாள். பூசியதையும் சுரண்டியதையும் அவளுக்குச் சொன்னேன், ஒன்றையும் விடாமல். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப, மறைக்கேக்கை உடைஞ்சதோ மாமா, காட்டேக்கை உடைஞ்சதோ?"

எனக்குத் தெரியாது பிள்ளை என்றேன். கொத்தியதும் நான், சுரண்டியதும் நான், இருந்தும் தெரியாது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாங்கள் சொல்லியனுப்பியது உங்களுக்கு வந்ததா என்று கேட்டேன். கொடிகாமத்தில் நின்ற அந்த மனிதரையும், அவர் இரண்டுமுறை திருப்பிச் சொல்லிக் காட்டியதையும் சொன்னேன்.

பரீதா மகளின் கையைப் பிடித்தபடி இன்னும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேரைப் பூசிப்போட்டினம் எண்டு ஆரோ வந்து வாப்பாட்டைச் சொன்னது மாமா. சுரண்டினதை ஒருத்தரும் வந்து சொல்லேல்லை."